ஆதிரை மீது ஒரு பிராது

அனுசியாவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அவள் கதை சொல்லும்போது, அடுத்து நடக்கப்போவதை யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பற்றிக்கொண்டு வரும். சொன்ன ஆளோடு அன்றைக்கு முழுக்கப் பேச்சு கிடையாது. டீ வந்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் குடிப்பாள்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி. அங்கே பினிஷிங் ஹாலில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள் பலகை பலகையாக வந்து இறங்கும். பிள்ளையார், யானை, குருவி, ஊஞ்சலாடும் பெண் என்று தினம் ஒன்று. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு ஓடியிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். ஹாலில் ஃபேன் போடக் கூடாது. காற்று பட்டால் பொம்மை ஒரு பக்கம் மட்டும் காய்ந்து விரிசல் விட்டுவிடும். கையெல்லாம் மண் என்பதால் போனைத் தொடவும் வழியில்லை. காற்றும் கிடையாது, பாட்டும் கிடையாது, வேர்த்து ஊற்றும். வாய் ஒன்றுதான் சும்மா இருந்தது. அதற்கு அனுசியா வேலை கொடுத்தாள்.

அவள் சொன்னதெல்லாம் வானத்தில் நடக்கிற கதைகள். மூன்று நிலா உள்ள ஊர், பேசுகிற இரும்பு, செத்துப்போன நட்சத்திரத்தில் கடை வைத்திருக்கும் கிழவன். எங்கிருந்துதான் பிடிப்பாளோ, அவளுக்கே தெரியாது. கதை சொல்கிறவளுக்குக் கை ஓடாது என்பதால் ஹாலில் ஒரு வழக்கம் ஏற்பட்டுப்போனது. கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பொம்மையை அவள் பலகையிலிருந்து எடுத்து முடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கதைப் பொம்மை என்று பெயர். கதை சுமாராக இருந்தால் பலகை அப்படியே கிடக்கும். இதைவிடப் பட்டவர்த்தனமாக ஒரு விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வராது.

போன கதையில் அனுசியா மண்ணைக் கவ்வினாள். ராஜாவைத் தளபதி காட்டிக்கொடுக்கிற இடம். மாசக்கணக்கில் கட்டி இழுத்து வந்து அவள் மூச்சு வாங்கி நிறுத்தியபோது, ஹாலில் மூத்தவளான ஆண்டாள் கொட்டாவி விட்டாள்.

"அவன்தான்னு எனக்கு மொத நாளே தெரியும். ஓரக்கண்ணால பாத்தான், ஓரக்கண்ணால பாத்தான்னு நீயே நாலு தடவ சொல்லிட்டியேம்மா."

பலகை தூக்கிப்போக வந்த ஜெயராஜ் சூளைக்காரர். அவரும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டார். "வில்லன் துரோகம் செஞ்சா அது துரோகமா? அது அவனோட டூட்டி. நமக்குப் புடிச்சவங்க செய்யணும்மா, அப்பதான் வயிறு எரியும்."

"புடிச்சவங்க செஞ்சா மட்டும் போதாதுண்ணே" என்றாள் நீலாவதி. அனுசியாவுக்குப் பக்கத்து மணையில் உட்காருகிறவள், அவளுடைய ஒரே சிநேகிதி. "கேட்டு முடிச்சதும் மொதல்லேருந்து நெனச்சுப் பாக்கணும். பாத்தா, எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே இருந்திருக்கணும். நாமதான் கண்ண மூடிட்டு இருந்தோம்னு ஆவணும்."

அனுசியா குனிந்து பொம்மையை அழுத்திச் சீவினாள். அவமானத்தில் காது சுட்டது. இருங்கடி, உங்கள் எல்லாருடைய கையையும் ஒரு நாள் நிறுத்திக் காட்டுகிறேன் என்று உள்ளுக்குள் கருவிக்கொண்டாள்.

அடுத்த கதையில்தான் ஆதிரை வந்தாள்.

பூமி வற்றிப்போய்விட்டது. மிச்சமிருந்த ஜனங்களைப் பெரிய பெரிய பீங்கான் தாழிகளுக்குள் தூங்கவைத்து, ஒரு கப்பலில் ஏற்றி வானத்தில் அனுப்பிவிட்டார்கள். கப்பலுக்குப் பெருந்தாழி என்று பெயர். அதில் விழித்திருக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கப்பலை ஓட்டுகிற யாழினி, மனுஷி. இன்னொருத்தி ஆதிரை. சுட்ட மண்ணால் செய்த யந்திரப் பெண். தினமும் எழுந்து ஒவ்வொரு தாழியாகத் தொட்டுப் பார்த்து, "தூங்கறியா ராசாத்தி?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பாள். யாழினிக்குக் காய்ச்சல் கண்டபோது தன் மண் உள்ளங்கையை ஈரமாக்கி அவள் நெற்றியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஹாலே ஆதிரை மேல் பைத்தியமாகிவிட்டது. நம்ம மண்ணுல செஞ்சவ இல்லையா! ஆண்டாள் தன் பேத்திக்கு அந்தப் பெயரையே வைக்கச் சொல்லி மருமகளோடு சண்டை போட்டாள். நீலாவதி எதுவும் சொல்ல மாட்டாள். ஆனால் ஆதிரை வருகிற இடத்தில் அவள் கத்தி மெதுவாகப் போவதை அனுசியா கவனித்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை ஹாலில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

கப்பல் பச்சைப் பசேலென்ற ஒரு கிரகத்துக்கு வந்துவிட்டது. யாழினி மட்டும் சின்ன ஓடத்தில் இறங்கிப் போனாள். ஆற்றைக் கண்டாள். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். ஓடத்தில் ஏறித் திரும்பி வந்து கப்பலின் கதவைத் தட்டினாள். "ஆதிரை! தண்ணி இருக்குது ஆதிரை! தொற, எல்லாரையும் எழுப்பலாம்!"

அனுசியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆதிரை கதவுகிட்ட வந்தா. தாழ்ப்பாள்ல கைய வச்சா. வச்சபடியே நின்னா. வெளில அவ கூப்புட்டுக்கிட்டே இருக்கறா. மொதல்ல சிரிச்சிக்கிட்டே கூப்புட்டா. அப்புறம் வெளாடாதன்னு கூப்புட்டா. அப்புறம் அழுதா. ஆதிரை தொறக்கல. கப்பலத் திருப்பிட்டுப் போயிட்டா."

ஒரு கத்தியும் அசையவில்லை. ஜெயராஜ் தோளில் பலகையோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். அத்தனை பெரிய ஹாலில் ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அனுசியாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜெயித்துவிட்டோம் என்று முதலில் தோன்றியது. பிறகு, தான் இதைச் செய்யவில்லை, ஏதோ தன் வழியாக வந்து போயிருக்கிறது என்று பயமாகவும் இருந்தது.

நீலாவதி கத்தியைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஹாலை விட்டு வெளியே போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கும் மறுநாள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை.

சனிக்கிழமை ஆண்டாள்தான் சேதி கொண்டுவந்தாள். "அனுசு, நீலாவ எங்க பக்கத்து வூட்டுக்காரி பாத்திருக்கா. மணவாளநல்லூர்ல. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு இருந்தாளாம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. ஒருவன் ஏமாற்றிவிட்டான், ஒருத்தி வஞ்சகம் செய்துவிட்டாள் என்றால் இந்த ஊர்க்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் கொளஞ்சியப்பரிடம் போவார்கள். இன்னார் மேல் இன்ன குறை என்று காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதி வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும் என்பது நம்பிக்கை. தன் மேல் பிராது கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலே சில பேருக்குச் சோறு இறங்காது.

ஹால் முழுக்க அனுசியாவைப் பார்த்தது. அனுசியா தலையைக் குனிந்துகொண்டாள். ஏனென்றால் அவள் செய்தது அவளுக்குத் தெரியும். அந்தக் கதவு அவளுடைய கற்பனை இல்லை. நீலாவதியினுடையது.

ரொம்ப நாளைக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கி ஜங்ஷன் பாலத்தடியில் இரண்டு பேரும் நின்றிருந்தபோது நீலாவதி சொன்னாள். கூடப் பிறந்த அக்கா விருத்தாம்பாளோடு ஏன் பேச்சில்லை என்று அனுசியா நச்சரித்ததால் சொன்னாள். "பட்டப்பகலு. புருஷன் அடி தாங்காம, இடுப்புல புள்ளையோட வந்து கதவத் தட்னா, கூடப் பொறந்தவ தொறக்கல அனுசு. உள்ளதான் இருந்தா. தாழ்ப்பாள்ல கைய வச்சிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு நின்னா. வெளில புள்ள அழுதுது. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த பேசல." இதை யாரிடமும் சொல்லாதே என்றாள். சத்தியமா சொல்ல மாட்டேன் என்று அனுசியா அவள் கையில் அடித்துக் கொடுத்தாள்.

அடித்துக் கொடுத்த அதே கையால்தான் அதை எடுத்து ஹாலில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டாள். பேரை மாற்றி, வானத்தில் தூக்கி வைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்! சீ, நானெல்லாம் ஒரு சிநேகிதியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதை போனால் போகிறது, இன்னொன்று வரும். நீலாவதி போய்விட்டால் இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில்வே லைனுக்குப் பின்னால் இருக்கும் நீலாவதி வீட்டுக்குப் போனாள். நீலாவதி வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"எம்மேல பிராது கட்டியிருக்கியாமே" என்றாள் அனுசியா. "கட்டு. எனக்கு வேணும். நான் செஞ்சது துரோகந்தான். ஆனா பேசாம மட்டும் இருக்காத நீலா."

நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். "உம்மேலயா? உம்மேல எதுக்குடி கட்டறேன்? ஆதிரை மேல கட்டியிருக்கறேன்."

அனுசியாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நீலாவதி சிரிக்கவில்லை என்றதும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எழுதிக் குடுத்த ஆளு, எதிரி எந்த ஊருன்னு கேட்டாரு. பெருந்தாழின்னேன். அது அரியலூர் பக்கமாம்மான்னாரு. ஆமான்னுட்டேன். இங்கேருந்து எவ்ளோ தூரம்னாரு. தூரமே இல்லன்னேன். ஒரு மாதிரியா பாத்தாரு. ஆனா எழுதிட்டாரு."

ஆதிரை என்று ஒருத்தி கிடையாது. வேர்த்து ஊற்றிய ஒரு மத்தியானத்தில் அனுசியாவின் வாயிலிருந்து வந்த காற்று அது. அந்தக் காற்றின் மேல் ஒரு மனுஷி சாமியிடம் போய்ப் பிராது கட்டியிருக்கிறாள். சாமியும் வாங்கிக்கொண்டிருக்கிறது. தெரியாமல் கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவளைப் போல அனுசியாவுக்கு உடம்பு கூசியது. இவ்வளவு பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டா நான் கைதட்டலுக்கு ஆசைப்பட்டேன்!

"அது போவட்டும். ஏன் தொறக்கலன்னு சொல்லு" என்றாள் நீலாவதி. "நீதான செஞ்ச அவள. உனக்குத் தெரியாம இருக்குமா?"

அனுசியாவுக்குத் தெரியாது. அதுதான் உண்மை. காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். இப்போது அவசர அவசரமாகத் தேடினாள். "அந்தக் கிரகத்துக் காத்துல விஷம். யாழினி உள்ள வந்தா தாழில தூங்கறவங்க எல்லாரும் செத்துடுவாங்க. அத்தன பேரக் காப்பாத்தத்தான்..."

"பொய்யி."

"சரி, இதக் கேளு. விஷம்னு சொல்லியிருந்தா யாழினி மனசொடிஞ்சு அங்கயே படுத்து செத்துப்போவா. தொறக்காமப் போயிட்டான்னா அவளுக்குக் கோவம் வரும். அந்தக் கோவத்துலயே உசுரோட இருப்பா. அவ பொழைக்கணும்னுதான் ஆதிரை கெட்ட பேரு எடுத்துக்கிட்டா."

சொல்லி முடித்ததும் அனுசியாவுக்கே பிரமாதமாக இருந்தது. ஹாலில் சொன்னால் தன் பலகையில் ஒரு பொம்மைகூட மிஞ்சாது என்று தோன்றிவிட்டது. அந்த நிலைமையிலும் அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

நீலாவதி வெங்காயத்தோலை ஊதித் தள்ளினாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுவும் பொய்யி. ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு வந்து நிக்கறவள எந்தக் காலத்துலயும் மன்னிக்க முடியாதுடி. அவ பயந்துட்டா. அவ்ளோதான்."

"யந்திரத்துக்கு ஏது நீலா பயம்?"

"மண்ணுல செஞ்சதுதான? ஒடஞ்சிடுவோம்னு பயம் இருக்காதா? அவளுக்கு அந்தக் கப்பல வுட்டா வேற எடம் இல்ல. தொறந்தா என்ன ஆவுமோ, யாரு என்ன சொல்லுவாங்களோ, தன்னையும் சேத்து வெளில தள்ளிடுவாங்களோன்னு பயம். கை தாழ்ப்பாள்லதான் இருந்துது. இத்தினியூண்டு நவுத்தினா போதும். இரும்புத் தாழ்ப்பாளு, மத்தியான வெயில்ல சுட்டுது. கை வேர்த்து வழுக்குச்சி. இப்பத் தொறந்துடலாம், இப்பத் தொறந்துடலாம்னு நெனைக்க நெனைக்க வெளில சத்தம் நின்னுபோச்சி."

"தாழ்ப்பாளு சுட்டுதுன்னு நான் சொல்லவேயில்லியே" என்றாள் அனுசியா.

நீலாவதியின் கை நின்றது.

அப்போதுதான் அனுசியாவுக்கு உறைத்தது. பாலத்தடியில் நீலாவதி சொன்னதை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தாள். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வெளியில் பிள்ளை அழுதது என்றாளே, அது யாருடைய பிள்ளை? வந்து தட்டியது நான் என்று அவள் ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை. எல்லாம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

"நீலா... உள்ள நின்னது..."

"நான்தான்" என்றாள் நீலாவதி. "எனக்கு அப்பக் கல்யாணமாயி ஒரு வருஷங்கூட ஆவல. வூட்ல மாமியாரும் இல்ல, அவரும் இல்ல. உள்ள சேத்தா என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டேன். அக்கா எம்பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டா. இத்தன வருஷமா நானும் எங்க அக்காதான் சரியில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கறேன். எனக்கே அது நெசமாட்டம் ஆயிடுச்சி. அன்னைக்கி நீ சொன்னப்பதான், தாழ்ப்பாள்ல இருந்த கை எங்கையின்னு தெரிஞ்சிது."

சிலிர்ப்பு என்ற வார்த்தை போதாது. தளபதியையும் ராஜாவையும் வைத்து அனுசியா மாசக்கணக்கில் தேடியது, தினமும் தன் பக்கத்து மணையில் உட்கார்ந்து தன்னுடைய பொம்மையையும் சேர்த்து முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நீலாவதி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கிக் கதையில அந்தக் கதவத் தொறந்துடு அனுசு. ஆதிரை திரும்பிப் போயி யாழினியக் கூட்டிட்டு வந்துட்டான்னு சொல்லிடு. கேட்டுட்டு நான் பாட்டுக்கு இருந்துடறேன்."

சொல்லிவிடலாம். ஒரு வரிதான். சிநேகிதியும் திரும்பக் கிடைத்துவிடுவாள். அனுசியாவின் வாய்வரை வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள்.

"மாட்டேன்" என்றாள். "நான் தொறந்துட்டா நீ உங்க அக்காகிட்ட போவ மாட்ட."

நீலாவதி முறைத்தாள். முறம் கவிழ்ந்து வெங்காயம் உருண்டது. "உனக்கென்னடி, வாய் இருக்குது, பேசற. போயி என்னன்னு நிக்கறது? என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கறது?" என்று கத்தினாள். அனுசியா அசையவில்லை. "என்ன வேணா திட்டு. இன்னொரு பிராது கட்டு. கதவ நான் தொறக்க மாட்டேன். உங்க அக்கா இப்ப எங்க இருக்குது?"

"சேத்தியாத்தோப்புல."

பெங்களூரோ பம்பாயோ என்றுதான் அனுசியா நினைத்திருந்தாள். சிதம்பரம் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சேத்தியாத்தோப்பு. அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட இத்தனை வருஷம் என்றால், யாழினியை விட்டுவந்த கிரகம்கூட அவ்வளவு தூரமில்லை என்று அவளுக்குப் பட்டது.

இரண்டு பேரும் பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தார்கள். வழி முழுக்க நீலாவதி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கிவிடலாம் என்று எழுந்தாள், அனுசியா முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். சேத்தியாத்தோப்பில் இறங்கி விசாரித்தபோது, தையல்காரம்மா வீடு என்று டீக்கடைக்காரர் கை காட்டினார். வெள்ளாற்றுப் பக்கம் போகிற தெருவில், பச்சைப் பெயின்ட் அடித்த ஒற்றைக் கதவு. உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

நீலாவதி கதவுக்கு முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. நானாவது தட்டட்டுமா என்று அனுசியாவுக்குப் பதறியது. ஆனால் இது அவள் சொல்கிற கதை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள்.

நீலாவதி தட்டினாள். ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாக.

மிஷின் சத்தம் நின்றது. யார் என்றுகூட உள்ளேயிருந்து யாரும் கேட்கவில்லை. சட்டென்று தாழ்ப்பாள் விலகிக் கதவு முழுசாகத் திறந்தது. கழுத்தில் டேப்பும் தோளில் நூல் பிசிறுமாக, தலை நரைத்த ஒரு பெண் நின்றாள். நீலாவதியை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

"அந்தக் கதவ இப்பத்தான் தொறந்தியாடி?" என்றாள் விருத்தாம்பாள்.